அந்த ஒரு மதிப்பெண்ணையும் உலக உருண்டையையும் திருப்பித் தாருங்கள்

மதிப்புக்குரிய கல்விக் குழுவினருக்கு,

நீங்கள் நடத்தும் பள்ளிகளில் ஒன்றில் 22 ஆண்டுகளாகப் புவியியல் நடத்தி வருகிறேன். அலுவலக வழியாக இரண்டு முறை எழுதிவிட்டேன். அதனால்தான் இந்த மடலைப் பெற்றோரும் மற்ற ஆசிரியர்களும் படிக்கும்படி வெளியில் வைக்கிறேன்.

போன அரையாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. உலக வரைபடத்தை அச்சிட்டு, "படத்தைப் பார்த்து, பரப்பளவில் பெரியது எது என எழுதுக: இந்தியா / கிரீன்லாந்து" என்று கேட்டிருந்தீர்கள். நம் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வினாத்தாள், ஒரே விடைக்குறிப்பு. அந்த விடைக்குறிப்பில் கிரீன்லாந்து என்று இருந்தது. என் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தியா என்று எழுதியிருந்தாள். இன்னொரு கிளையில் திருத்தப்பட்ட அவள் தாள், சிவப்பு மையில் அடித்து, ஒரு மதிப்பெண் குறைந்து திரும்பி வந்தது.

கிரீன்லாந்தின் பரப்பளவு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பளவு சுமார் 32.9 லட்சம். அதாவது இந்தியா ஒன்றரை மடங்கு பெரியது. இதை எழுதி அனுப்பினேன். "படத்தைப் பார்த்து என்றுதான் கேட்டிருக்கிறோம். படத்தில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதுவே விடை" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பல முறை படித்தேன். ஒரு வரைபடத்தை எப்படிப் படிக்கக் கூடாது என்று நான் இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தேனோ, அப்படியே படிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

அடுத்த இரண்டே வாரத்தில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. எல்லா வகுப்பிலும் டிஜிட்டல் பலகை பொருத்தியாகிவிட்டது, ஆகவே உலக உருண்டைகள், சுவர் வரைபடங்கள், டோப்போ ஷீட்டுகள் (ஓர் ஊரின் மேடு பள்ளம், நீர்நிலை, சாலை எல்லாம் காட்டும் நில அளவைத் தாள்கள்) ஆகியவை பயன்பாடற்ற பொருள்களாகக் கழிக்கப்படும், புவியியல் அறை வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்றது. மறுநாள் காலை நான் போனபோது, அறையிலிருந்த எல்லாம் வராந்தாவில் கிடந்தன. சுருட்டி வைத்த சுவர்ப் படங்களின் மேல் யாரோ பெஞ்சை ஏற்றி வைத்திருந்தார்கள்.

அந்த மாணவி இந்தியா என்று எழுதியது குருட்டாம்போக்கில் இல்லை. செப்டம்பர் மாதம் அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அதை அளந்தார்கள். எங்களிடம் இருந்த உருண்டை 30 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. ட்ரேசிங் தாளை அதன்மேல் ஒட்டிவைத்து இந்தியாவின் ஓரத்தை வரைந்தார்கள். அப்புறம் கிரீன்லாந்தின் ஓரம். இரண்டையும் கிராஃப் தாளில் படியெடுத்துக் கட்டம் எண்ணினார்கள். இந்தியாவுக்கு ஏறக்குறைய 18 சதுர சென்டிமீட்டர், கிரீன்லாந்துக்கு ஏறக்குறைய 12. பிறகு அதே வேலையைச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் செய்தார்கள். அங்கே கிரீன்லாந்து இந்தியாவைப் போலப் பல மடங்கு வந்தது. "மிஸ், எது பொய்?" என்று கேட்டாள் அவள். எதுவும் பொய் இல்லை, ஒவ்வொன்றும் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறது என்று அதற்குப் பிறகு இரண்டு வகுப்புகள் அதைப் பற்றியே பேசினோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் அவள் தேர்வில் எழுதினாள். அதற்குத்தான் மதிப்பெண் போனது.

உங்களில் பலர் புவியியல் படித்தவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது குற்றமும் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாத்துக்குடியின்மேல் பேனாவால் கண்டங்களை வரைந்து, தோலை உரித்து மேசையில் தட்டையாக வைக்கப் பாருங்கள். ஒன்று தோல் கிழியும், இல்லையென்றால் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். உருண்டையின் பரப்பைச் சிதைக்காமல் சமதளத்தில் விரிக்கவே முடியாது என்பதை 1827-இல் காஸ் என்ற ஜெர்மன் கணித மேதை கணக்காலேயே நிறுவிவிட்டார். எனவே தட்டையான ஒவ்வொரு உலகப் படத்துக்குப் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து எதைக் காப்பது, எதை இழப்பது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். வடிவமா, பரப்பா, தூரமா, திசையா? அந்தத் தேர்வுக்குத்தான் நம் பாடத்தில் கோட்டுச்சட்டம் என்று பெயர்.

உங்கள் வினாத்தாளில் இருந்தது மெர்கேட்டர் கோட்டுச்சட்டம். ஃபிளாண்டர்ஸில் பிறந்த ஜெரார்டஸ் மெர்கேட்டர் அதை 1569-இல் மாலுமிகளுக்காக வெளியிட்டார். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பலைச் செலுத்தினால், அந்தப் பாதை அவர் படத்தில் நேர்கோடாக விழும். கடலில் திக்குத் தெரியாமல் நின்றவனுக்கு அது பெரிய கொடை. அதற்கு அவர் கொடுத்த விலைதான் பரப்பு. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போகப் படம் விரிந்துகொண்டே போகும். 60 டிகிரி அட்சத்தில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. 80 டிகிரியில் பரப்பு 33 மடங்கு. துருவத்தை அந்தப் படத்தில் வரையவே முடியாது, அவ்வளவு பெரிய தாள் உலகத்தில் இல்லை. ஐஸ்லாந்து நம் தமிழ்நாட்டைவிடச் சிறியது: அது சுமார் 1.03 லட்சம் சதுர கிலோமீட்டர், நாம் 1.30 லட்சம். அந்தப் படத்தில் அது நம்மைப் போல நான்கு மடங்குக்கு மேல் தெரியும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைவிட 14 மடங்கு பெரியது. படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன.

இந்தியாவுக்குள்ளேயே இது நடக்கிறது. கன்னியாகுமரி 8 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஒரு டிகிரி இடைவெளியுள்ள இரண்டு தீர்க்கக்கோடுகளுக்கு இடையே தரையில் சுமார் 110 கிலோமீட்டர். காஷ்மீரின் வடகோடியில் 37 டிகிரியில் அதே இரண்டு கோடுகளுக்கு நடுவே 89 கிலோமீட்டர்தான். மெர்கேட்டர் இரண்டையும் ஒரே அகலமாகக் காட்டுகிறது.

மெர்கேட்டர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நம் கைபேசியில் தெருவைத் தேடும் வரைபடங்கள் பெரும்பாலும் அதே கோட்டுச்சட்டத்தின் ஒரு வடிவத்தில்தான் ஓடுகின்றன, அதற்குக் காரணமும் இருக்கிறது. சின்ன இடத்தை நெருங்கிப் பார்க்கும்போது அது வடிவத்தைக் கெடுப்பதில்லை. தெருமுனை செங்கோணமாக இருந்தால் படத்திலும் செங்கோணமாகவே இருக்கும். தெருவுக்கு ஏற்ற படத்தை உலகத்துக்குக் காட்டி, பரப்பைக் கேட்டதுதான் தப்பு. கூகுள்கூட 2018-இல் கணினியில் தன் வரைபடத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் உருண்டையாகத் தெரியும்படி மாற்றிவிட்டது. நீங்கள் வாங்கிய பலகையில் இருப்பது அசையாத ஒரே தட்டைப் படம். அதில் கோட்டுச்சட்டத்தின் பெயர் இல்லை. படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் எவ்வளவு என்று சொல்லும் அளவையும் இல்லை. பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், அவ்வளவுதான். அதைப் பொருத்த வந்தவர் "இதுதான் துல்லியமான உலகம்" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பலகையால் முடியாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் பத்தாம் வகுப்பில், பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழி எது என்று கேட்டேன். பலகையில் ஒருவன் எழுந்துபோய் விரலால் நேர்கோடு இழுத்தான். அரபிக்கடல், சஹாரா, அட்லாண்டிக், அமெரிக்கா. வகுப்பே சரி என்றது. ஒரு பெண் பையிலிருந்து பூக்கட்டும் நூலை எடுத்துக் கொடுத்தாள். உருண்டையில் ஒரு முனையைப் பெங்களூரில் ஒருத்தி அழுத்திக்கொண்டாள், இன்னொருத்தி நூலைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து இறுக்கினாள். தளர்வாக இருந்தவரை நூல் எங்கெங்கோ வழுக்கிக்கொண்டிருந்தது. இறுக்கியதும் தானாக மேலே ஏறி, சீனா, சைபீரியா, ஆர்க்டிக் கடலோரம், அலாஸ்கா என்று படிந்து நின்றது. நீளத்தை அளந்தால் 33 சென்டிமீட்டர். உருண்டையின் அளவையில் பெருக்கினால் 14,000 கிலோமீட்டர். யாரும் எதுவும் மனப்பாடம் செய்யவில்லை. நூல் அவர்களுக்குச் சொன்னது. 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டி, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலாகப் பெங்களூர் வந்த விமானத்தைப் பற்றி அன்றைக்குச் சொன்னேன். அந்தப் பெண்கள் பறந்த இடத்தை நம் பலகையில் தேடினார்கள். அந்தப் படத்தில் அந்த இடமே கிடையாது.

உருண்டையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன், ஆனால் எனக்கு அதைவிட அதிகமாக வலிப்பது டோப்போ ஷீட்டுகள் போனது.

எங்களிடம் இருந்தது 1970களில் அளந்த, நம் ஊரையும் சுற்றுப்பக்கத்தையும் காட்டுகிற இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பழுப்பில் சம உயரக்கோடு, 20 மீட்டருக்கு ஒன்று. நீலத்தில் நீர். சிவப்பில் ஊரும் சாலையும். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை பதினொன்றாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு அந்தத் தாளோடு நடப்பேன். தாளை வடக்குப் பார்த்துத் திருப்பிப் பிடிப்பார்கள். கோயில் குறியீடு இருக்கிற இடத்தில் கோயில் இருக்கும், கிணறு இருக்கிற இடத்தில் சில சமயம் கிணறு இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி நடந்தபோது, தாளில் பள்ளிக்கு வடகிழக்கே ஒரு ஏரி நீலமாக விரிந்திருந்தது. நடந்து போய்ப் பார்த்தால் வரிசையாகத் தெருக்கள், மாடி வீடுகள், தண்ணீர்த் தொட்டி. ஏரிக்கு அடையாளமாகக் கரையின் ஒரு துண்டும் நாலு பனைமரமும் உடைந்த மதகுக் கல்லும்தான் மிச்சம். எங்களோடு வந்த பையன் ஒருவன் தாளில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போய் நிறுத்தினான். "மிஸ், எங்க வீடு ஏரிக்குள்ள இருக்கு" என்றான். ஒவ்வொரு நவம்பரிலும் அவர்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அவன் அம்மா ஃபிரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றி வைப்பார். மழை அதிகம், அதனால் தண்ணீர் என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். கரை எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம், தண்ணீர் எதைத் தேடி வருகிறது என்பதெல்லாம் அன்றைக்கு அந்தத் தாளில் அவனுக்குப் புரிந்தது. மறுவாரம் அவன் அப்பா அந்தத் தாளைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, நகல் கிடைக்குமா என்று கேட்டார்.

அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "பழைய தாள், எல்லாம் மாறிவிட்டது" என்று சுற்றறிக்கையை நியாயப்படுத்தினார்கள். மாறியது தெரிவதற்குத்தான் பழைய தாள் வேண்டும். புதிய தாளும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஏரி எங்கே போனது என்று ஒரு பிள்ளைக்குக் கேட்கத் தோன்றும்.

இந்த மண்ணில் வரைபடம் எப்படி வந்தது என்பதையும் மறந்துவிட்டோம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை, சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போய், பின்னால் இமயம் வரை நீண்ட அளவை வேலை அது. ஒரு டிகிரி அட்சம் தரையில் எத்தனை தூரம், பூமி எவ்வளவு உருண்டை, துருவத்தில் எவ்வளவு தட்டை என்பதும் அவர் தேடிய கேள்விதான். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி, கயிறு அறுந்து மோதிச் சேதமானது. உட்கார்ந்து அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கப் போனார். நம் மாணவர்களில் பாதிப் பேர் பரங்கிமலையையும் தஞ்சையையும் நேரில் பார்த்தவர்கள். பூமியின் வடிவத்தை அளக்கும் வேலை அவர்கள் ஏறி விளையாடிய இடத்தில் நடந்தது என்று சொன்னால் கண் விரியும். அதைச் சொல்ல ஒரு உருண்டை கையில் வேண்டாமா?

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பள்ளிகளில் "மேப்" என்றால் இன்று அவுட்லைன் தாளில் புள்ளி வைப்பது. பிள்ளைகள் தாள் வாங்கி, ஒரே இடத்தில் நூறு முறை புள்ளி வைத்துப் பழகுகிறார்கள். மதிப்பெண்ணும் முழுசாக வாங்குகிறார்கள். போன மாதம் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவனிடம், அந்தத் தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் எவ்வளவு என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வி வரைபடத்திடம் கேட்கலாம் என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது.

மற்ற இடங்களில் இதைச் சின்ன விஷயமாக விடவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகள் 2017-இல், பரப்பைச் சரியாகக் காட்டும் கால்–பீட்டர்ஸ் படத்தை வகுப்புகளுக்குக் கொண்டுவந்தன. 2025-இல் ஆப்பிரிக்க ஒன்றியமே மெர்கேட்டர் உலகப் படத்துக்குப் பதிலாகப் பரப்பு சரியாக உள்ள படத்தைப் பயன்படுத்தும் கோரிக்கையை ஆதரித்தது. கால்–பீட்டர்ஸ் ஆப்பிரிக்காவை நெடுக இழுத்துவிடுகிறது, வடிவம் கெட்டுப்போகிறது. 2018-இல் வந்த ஈக்வல் எர்த் படம் பரப்பையும் காத்து, பார்க்கவும் ஓரளவு இயல்பாக இருக்கிறது. எதை மாட்டினாலும் அது ஒரு தேர்வுதான். அதனால்தான் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு படம் பக்கத்தில் தொங்கட்டும், நடுவில் ஒரு உருண்டை இருக்கட்டும் என்கிறேன்.

நான் கேட்பவை இவை.

முதலில் அந்த மதிப்பெண். விடைக்குறிப்பைத் திருத்தி, எல்லாக் கிளைகளிலும் இந்தியா என்று எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைத் திருப்பிக் கொடுங்கள். தவறு விடைக்குறிப்பில்தான் இருந்தது என்று எழுத்தில் சொல்லுங்கள். வகுப்பில் படித்துக் காட்டும்படி அனுப்புங்கள். பிள்ளைகள் தங்கள் அளவீட்டைச் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அதை நான் மட்டும் சொல்லிச் சரிசெய்ய முடியாது.

கழிவுப் பட்டியலை நிறுத்திவையுங்கள். வண்டி ஏறாமல் மீதி இருப்பதை வகுப்புகளுக்குத் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வகுப்பு குழுவாகத் தொட்டு அளக்கும்படி, குறைந்தது ஐந்து உருண்டைகள் வேண்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க ஒன்று வாங்கினால் அதில் பயன் இல்லை.

இனி வினாத்தாளிலோ சுவரிலோ பலகையிலோ எந்த உலகப் படம் போட்டாலும், கோட்டுச்சட்டத்தின் பெயரையும் அளவையையும் கீழே அச்சிடச் சொல்லுங்கள். பலகை நிறுவனத்திடம் உருண்டையாகச் சுழலும் படத்தையும் பரப்பு சரியான படத்தையும் கேட்டு வாங்குங்கள். வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் புவியியல் படித்த ஒருவர் கண்ணில் படட்டும். நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

டோப்போ ஷீட்டுக்குச் செலவு என்று சொல்ல இடமில்லை. நில அளவைத் துறை 2017-இலேயே பொதுப் பயன்பாட்டுக்கான 1:50,000 தாள்களைக் குடிமக்கள் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்துவிட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் அதனதன் ஊர்த் தாளை அச்சடித்துக் கொடுங்கள். வருடத்தில் ஒரு நாள் அதோடு வெளியே நடக்க அனுமதியும், கூட வர ஒரு ஆளும் கொடுங்கள். தேர்வில் புள்ளி வைக்கும் மதிப்பெண்ணில் பாதியை அளவை, திசை, உயரக்கோடு படிப்பதற்கு மாற்றுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் பதில் வேண்டும். எங்கள் பள்ளியின் இரண்டு உருண்டைகளில் சின்னது இன்னும் கீழ்க்கிடங்கில் இருப்பதாகக் காவலாளி சொன்னார். அதன் அச்சுக் கம்பி வளைந்திருக்கிறது, இந்தியப் பெருங்கடல் பக்கம் ஒரு கீறல் இருக்கிறது. மற்றபடி நன்றாகச் சுற்றும். அதை மட்டுமாவது இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இன்னும் பதினொரு பாடவேளை மீதி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிப் புவியியல் ஆசிரியை